மருந்து ஆறும் வரை

லிங்கம்மாள் பிளாஸ்க்கின் மூடியைத் திருகித் திறந்ததும் வந்தது அந்த வாடை. சுக்கு, மிளகு, திப்பிலி, கருப்பட்டி, நல்லெண்ணெய் எல்லாம் கலந்த பேறுகால மருந்தின் மணம் முதலில் வந்தது. அதற்கு அடியில் பதுங்கிக்கொண்டு அது வந்தது. பிராந்தி. தெய்வக்கனிக்கு நாக்கின் அடியில் சுரந்தது. இல்லை, என்று உடனே தனக்குள் சொல்லிக்கொண்டாள், இல்லை, இது மண்டைக்குள் அடிக்கிற வாடை. ஆஸ்பத்திரியில் ஸ்பிரிட் வாடை அடிக்காமல் மல்லிகைப்பூ வாடையா அடிக்கும், பக்கத்துக் கட்டில்காரிக்கு இப்போதுதான் ஊசி போட்டுவிட்டுப் போனார்கள், துடைத்த பஞ்சைக் கட்டிலுக்கு அடியிலேயே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அந்தப் பஞ்சுதான். ஆனால் பஞ்சில் வருவது பச்சையாக மூக்கைக் குத்தும், இது குத்தவில்லை, இனிப்பாக, வெதுவெதுப்பாக, தொண்டை வரைக்கும் தானாக வழி தெரிந்து இறங்குகிறது. லிங்கம்மாள் டம்ளரில் ஊற்றினாள். கருப்பாக, கெட்டியாக விழுந்தது. "கொதிக்கக் கொதிக்கக் கொண்டாந்திருக்கேன், செத்த ஆறட்டும், ஆறுனதும் ஒரே மடக்கா குடிச்சிரணும், என்னளா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு டம்ளரைக் கட்டிலை ஒட்டியிருந்த இரும்பு அலமாரியின் மேல் வைத்தாள். மருமகள் சுகிர்தா கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். முந்தாநாள் பிள்ளை பெற்றவள். மார் கட்டிப்போய் நைட்டியின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்திருந்தது. அந்தப் பாலைக் குடிக்க வேண்டிய பிள்ளை மாடியில், பச்சைப்பிள்ளைகள் வார்டில், பவுடர் பாலைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது. வயிற்றில் தங்கிய முதல் மாதங்களில் இவள் குடித்திருக்கிறாள் என்பதால் அது அங்கே. அப்புறம் இவள் விட்டாள், விட்டு, வாந்தியும் நடுக்கமுமாகக் கிடந்து, மசக்கையா மதுவா எதனால் இந்த வாந்தி என்று தெரியாமல் அழுது, ஒரு சொட்டு தொடாமல் பிள்ளையைப் பெற்றாள். அதை யார் பார்த்தார்கள். பெரிய டாக்டரம்மா நேற்று ரவுண்ட்ஸில் நின்று சொன்னது இதுதான்: "நாளைக்குக் காலையில வர்றப்ப எல்லாம் சரியா இருந்தா பிள்ளைய உங்கிட்ட குடுத்துருவேன். வாயில வாசம் வந்துச்சு, உன் மாமியார் கையில குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவேன், பார்த்துக்க." அந்தக் காலை இதுதான். ரவுண்ட்ஸ் பக்கத்து வார்டு வரைக்கும் வந்துவிட்டது, பேச்சுச் சத்தம் கேட்கிறது.

தெய்வக்கனி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்தில் தொங்கும் அட்டையில் துணைத்தாய் என்று அச்சடித்திருக்கிறார்கள். குடியை விட்ட ஒருத்தி, விடப் போராடுகிற கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் கூட இருப்பது, அவ்வளவுதான் வேலை. மருந்து கொடுக்கக்கூடாது, உபதேசம் பண்ணக்கூடாது, வீட்டார் பேச்சில் தலையிடக்கூடாது, இருக்க வேண்டும். அட்டையில்தான் துணைத்தாய், நர்சுகள் வாயில் "குடிகாரிக்குக் காவலா இன்னொரு குடிகாரி வந்திருக்கா." அவள் காதில் விழவேண்டும் என்றே சொல்வார்கள். விழட்டும். டம்ளரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. ஆவியோடு சேர்ந்து அதுவும் எழும்பியது, இல்லை, எழும்பவில்லை, பஞ்சு, பஞ்சுதான். சனிக்கிழமை சாயங்காலம் குடியை விட்ட ஆண்கள் கூட்டம் நடக்கிற மண்டபத்தைத் தாண்டித்தான் இவள் போகவேண்டும், கைதட்டல் ரோடு வரைக்கும் கேட்கும். குடியை விட்டவன் மைக்கைப் பிடித்துத் தான் பண்ணிய அநியாயத்தையெல்லாம் சாங்கோபாங்கமாகச் சொல்வான், தாலியை விற்றேன், அம்மாவை மிதித்தேன் என்று, சொல்லச் சொல்லக் கைதட்டுவார்கள், பெண்டாட்டி முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைப்பாள், வருஷம் திரும்பினால் கேக் வெட்டுவார்கள், மனுஷன் திருந்திட்டான்யா என்று தெருவே அவனுக்கு வணக்கம் வைக்கும். இவளைப் போன்ற பெண்களின் கூட்டம் பாலர்வாடி அறையில், பிள்ளைகள் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு. வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். இன்றுவரை ஒருத்திக்கும் ஜாக்கெட் வெட்டத் தெரியாது. ஆம்பிளை குடித்ததும் ஊருக்குத் தெரியலாம், விட்டதும் தெரியலாம். பொம்பிளை குடித்ததே தெரியக்கூடாது என்றால் விட்டதை எந்த வாயால் சொல்வது. விட்டுவிட்டேன் என்று வாயைத் திறந்தால், ஓ, குடிச்சியா, என்றுதான் கேட்பார்கள். அடுத்த கேள்வி பிள்ளை யார்கிட்ட இருக்கு என்று வரும். இது வரைக்கும் எவனையாவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா. சுகிர்தாவின் புருஷன் நேற்றுச் சாயங்காலம் வந்தான், வாசலில் நின்று ஈ என்று சிரித்தான், அவனுக்கு முன்னால் அவன் வாடை வார்டுக்குள் வந்தது, ஆம்பிளைப் பிள்ளை பிறந்த சந்தோஷம் என்று நர்சே சிரித்தாள். மாடிக்குப் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்தான். பெற்றவள் இன்னும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறாள். 

லிங்கம்மாள் டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் சுடுது." பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, கருப்பட்டி உடன்குடியிலிருந்து வரவழைத்தது, திப்பிலியை நெய்யில் வறுத்தது, இரண்டு நாள் அம்மியோடு மல்லுக்கட்டினது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதில் பொய் இல்லை. கை மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. மருமகளைப் பிடிக்காது, ஆனால் பிள்ளை பெற்ற உடம்புக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடமாட்டாள், அப்படிப்பட்ட பொம்பிளை. தெய்வக்கனிக்கு வாய்த்த மாமியாரும் அப்படித்தான். முதல் பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று விளக்கு வைத்த நேரத்துக்கு ஒரு சின்ன மூடியில் பிராந்தி ஊற்றி, வெந்நீர் கலந்து, தலையைத் தாங்கிப் பிடித்துக் குடிக்க வைத்தாள். குளிர் அடிக்காது, வயிறு இறுகும், நல்லாத் தூக்கம் வரும். வந்தது. பிள்ளை ராத்திரியெல்லாம் கத்தும், தையல் போட்ட இடம் விண்விண் என்று தெறிக்கும், புருஷன் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொள்வான். அந்த ஒரு மூடி உள்ளே போனதும் எல்லாம் தூரத்துக்குப் போய்விடும். கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவளுக்கென்று ஒருவர் அக்கறையாக ஊற்றிக் கொடுத்தது அது ஒன்றுதான். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது, நாக்கு ஊறுகிறது, இரண்டும் ஒரே நேரத்தில், எதற்கு எது என்று பிரிக்க முடிவதில்லை. நாற்பது நாள் கழிந்ததும் நிறுத்திவிட்டார்கள். ஊற்றிக் கொடுத்தவர்களுக்கு நாற்பதோடு முடிந்தது, அவளுக்கு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. புருஷன் பாட்டிலில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீர் விட்டு வைத்தாள், அப்புறம் பாட்டிலில் தண்ணீர்தான் மிச்சம் என்று ஆயிற்று, அப்புறம் சொந்தமாக வாங்கினாள். பிடிபட்ட அன்று அதே மாமியார், தலையைத் தாங்கிய அதே கையால் வாசலைக் காட்டினாள். பொம்பிளையா இவ, இவ வயித்துல பெறந்த பிள்ளைய இவகிட்ட விடலாமா. மகளை நாத்தனார் தூக்கிக்கொண்டு போனாள். யார் முதலில் ஊற்றியது என்று அந்தப் பஞ்சாயத்தில் ஒருவரும் கேட்கவில்லை. அவளே கேட்கவில்லை, அதுதான் கொடுமை. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள், தன்னிடம்தான் பிசகு என்று நம்பிக்கொண்டு.

ஆவி குறைந்துவிட்டது. ஆவி குறைந்தால் வாடையும் குறைய வேண்டும், குறையவில்லை, இப்போது மருந்தின் மணம் அடங்கி அது மட்டும் தனியாக நிற்பது போல இருந்தது. சொல்லிவிடலாமா. லிங்கம்மா, இதுல என்ன ஊத்தியிருக்கிய, என்று கேட்டுவிடலாமா. கேட்டு, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால். நாத்தனார் வீட்டில் அன்று நடந்த மாதிரி ஆகிவிட்டால். மகள் பெரிய மனுஷியான பிறகு முதல்முறையாக, வாங்க, என்று கூப்பிட்டு உட்கார வைத்தாள், அம்மா என்று சொல்லவில்லை, வாங்க என்றாள், அதுவே பெரிசு. நன்னாரி சர்பத் கலக்கிக் கொடுத்தாள். வாய்ப்பக்கம் கொண்டுபோனதும் குப்பென்று அடித்தது. என்னைச் சோதிக்கிறார்கள், என்னைக் குடிக்க வைத்துக் காட்டப் பார்க்கிறார்கள் என்று தெய்வக்கனி டம்ளரைத் தட்டிவிட்டுக் கத்தினாள், வீடே கூடிவிட்டது. மகள் உள்ளே போனாள், பாத்திரத்தில் மீதியிருந்த சர்பத்தைக் கொண்டுவந்தாள், எல்லாருக்கும் முன்னால் நின்று கடகடவென்று குடித்துக் காட்டினாள். அதில் நன்னாரியும் எலுமிச்சையும் தவிர ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வாங்க என்று சொல்லவும் ஆளில்லை. பாலர்வாடி அறையில் போய் அழுதபோது, இது எல்லாருக்கும் வருகிறதுதான் என்றார்கள். குடியை விட்ட மூக்கு இல்லாத இடத்தில் எல்லாம் தேடும். வாடை அடித்தால் அது மூக்கு இல்லை, மண்டை. எழுந்திருக்காதே, யாரிடமும் சண்டைக்குப் போகாதே, கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டு அசையாமல் உட்கார், தானாக வந்தது தானாகப் போகும். உண்மைதான், போகும். பஸ்ஸில் போயிருக்கிறது, கோயில் பிரகாரத்தில் போயிருக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இருமல் மருந்து ஊற்றும்போது போயிருக்கிறது. அதைத்தான் சுகிர்தாவுக்கும் வயிறு தள்ளிக்கொண்டிருந்த நாளெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆகவே இப்போதும் உட்கார்ந்திருந்தாள், மூச்சை எண்ணினாள். எண்ணிக்கை தப்பித் தப்பிப் போனது. போகவில்லை அது.

விரலை விட்டு நாக்கில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். உலகத்தில் யாரும் ஒரு நொடியில் கண்டுபிடிக்கக்கூடியதை அவள் மட்டும் கண்டுபிடிக்கக்கூடாது. ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு என்று தொட்டவர்கள் எங்கே போய் நின்றார்கள் என்று அவளுக்குத் தெரியும். நர்சைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லலாமா. சொன்னால், வந்துட்டா பாரு, இவளுக்கு எதைப் பார்த்தாலும் அதுதான் ஞாபகம், என்பாள். அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்புவார்கள், அனுப்பட்டும், அட்டை கிடக்கிறது, ஆனால் அந்தச் சத்தத்தில் டாக்டரம்மா வந்து நின்றால், துணைக்கு வந்தவளே இந்த லட்சணம் என்றால் இந்தப் பிள்ளைக்காரி எந்த லட்சணம் என்று நினைக்கமாட்டாரா. சொல்லாமல் இருந்து, அது மண்டை இல்லாமல் டம்ளர்தான் என்று ஆகிவிட்டால். இவள் குடிப்பாள், வயிற்றுக்குள் போனதும் அடங்கிக் கிடந்தது எழுந்திருக்கும், இன்னும் கொண்டா என்று கேட்கும். அது கூடப் பிறகுதான், இப்போதே, இன்னும் கொஞ்ச நேரத்தில், டாக்டரம்மா குனிவார், பாத்தீங்களா, பிரசவ வார்டுலயே குடிச்சிருக்கா, என்பார்கள். யார் ஊற்றியது என்று இங்கேயும் ஒருவரும் கேட்கமாட்டார். மறுபடியும் ஒரு பிள்ளை, மறுபடியும் ஒரு மாமியார் கை, மறுபடியும் ஒருத்தி தன்னிடம்தான் பிசகு என்று தலையைக் குனிந்துகொண்டு. தெய்வக்கனிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. லிங்கம்மாள் மேல் வந்தது, ஈ என்று சிரித்த புருஷன் மேல் வந்தது, தன் மூக்கையே நம்பமுடியாத ஒரு மனுஷியாகத் தன்னைப் பண்ணி வைத்திருக்கிற எல்லார் மேலும் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் மூக்கு என்றால் மூக்கு. இவர்களுக்கு மட்டும் அது நோயா. பக்கத்து வார்டில் நாற்காலி இழுபடும் சத்தம், செருப்புச் சத்தம், டாக்டரம்மாவின் குரல் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. லிங்கம்மாள் டம்ளரை எடுத்து மேல்விளிம்பில் ஊதினாள். "ஆறிட்டு. குடிச்சிரு, அவிய வந்தா இதுக்கு ஆயிரம் கேள்வி கேப்பாவ." சுகிர்தாவின் கையில் கொடுத்தாள்.

சுகிர்தா வாங்கிக்கொண்டாள். குடிக்கவில்லை. டம்ளரை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். உதடு மெல்ல அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று லிங்கம்மாள் நினைத்திருப்பாள், முகத்தில் ஒரு திருப்தி தெரிந்தது. தெய்வக்கனி பார்த்தாள். அந்த உதடு எதைச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியும், அவள் சொல்லிக்கொடுத்ததுதான். மூச்சை எண்ணுகிறாள். அசையாமல் உட்கார்ந்து, வந்தது போகட்டும் என்று காத்துக்கொண்டிருக்கிறாள். எதற்காக எண்ணுகிறாள், வாடை அடிக்காதவள் எதற்காக எண்ணவேண்டும் என்று நினைத்ததும் தெய்வக்கனிக்குத் தலையிடக்கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது. ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கி இழுத்துப் போட்டாள்.

"ஏளா சுகிர்தா, உனக்கு வாடை அடிக்கா?"

சுகிர்தா கண்ணைத் திறக்கவில்லை. "அடிக்கு எக்கா. மண்டைதான். போயிரும்."

"எனக்கும் அடிக்கு."

கண்ணைத் திறந்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த மூடியத் திறந்ததுலேருந்து அடிக்கு" என்றாள் தெய்வக்கனி. "எம் மண்டைன்னு நான் இருந்தேன். ஒம் மண்டைன்னு நீ இருந்திருக்க. ரெண்டு மண்டையில ஒரே நேரத்துல ஒரே வாடையா அடிக்கும்?"

"ரெண்டு பேரும் என்ன குசுகுசுங்கிய?" என்றாள் லிங்கம்மாள். தெய்வக்கனி கேட்டாள், குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள், இதில் பிராந்தி ஊற்றினீர்களா என்று. லிங்கம்மாள் மறைக்கவில்லை. "ரெண்டு மூடி. அதுக்கு என்ன இப்பம்? பேறுகால மருந்துன்னா ஊத்தாமலா? எங்க அம்ம எனக்கு ஊத்துனா, நான் எம் மவளுக்கு ஊத்துனேன். குளிரு அண்டாது, பால் கட்டுனது இளகும். மருந்துளா இது. குடியா இது?" அவள் முகத்தில் சூது ஒன்றும் இல்லை. சூது இருந்திருந்தால் தெய்வக்கனிக்கு எளிதாக இருந்திருக்கும், தலைமுடியைப் பிடித்துக்கூட உலுக்கியிருப்பாள். இந்த மருமகளைக் குடிகாரி என்று தெருத்தெருவாகச் சொன்னவள், பேரனை இவளிடம் கொடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா காலைப் பிடித்தவள், அந்த வாயோடு இரண்டு மூடி ஊற்றிக் கலக்கிக் கொண்டுவந்து, ஒரே மடக்கா குடி என்கிறாள், அது இரண்டும் அவளுக்குள் ஒன்றையொன்று இடிக்கவே இல்லை. அவள் ஊற்றினால் மருந்து, அவள் மகன் குடித்தால் சந்தோஷம், இவள் தொட்டால் மட்டும் குடி.

"அப்பம் டாக்டரம்மா வந்ததும் நீங்களே சொல்லுங்க அத்தை" என்றாள் சுகிர்தா. சத்தம் வரவில்லை, உதட்டில்தான் வந்தது. "நான்தான் மருந்துல கலந்து குடுத்தேன்னு சொல்லுங்க. சொன்னியன்னா குடிக்கேன்."

லிங்கம்மாள் வாசலைப் பார்த்தாள். டாக்டரம்மாவும் நர்சும் உள்ளே நுழைந்துகொண்டிருந்தார்கள். "அதப் போயி அவியகிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று தணிந்த குரலில் சொல்லி, டம்ளரை வாங்கிப் பிளாஸ்க்கில் திருப்பி ஊற்றக் கையை நீட்டினாள். சுகிர்தா கொடுக்கவில்லை. பிடித்த பிடியில் விரல் வெளுத்திருந்தது. தெய்வக்கனி தன் கையையும் அந்த டம்ளர் மேல் வைத்தாள். இவ்வளவு பக்கத்தில் அது இருந்து எவ்வளவு காலமாயிற்று. ஐயோ, என்று உள்ளே ஒன்று கேட்டது, குடித்தால் என்ன, என்றும் கேட்டது. கேட்கட்டும்.

டாக்டரம்மா கட்டிலின் கால்மாட்டில் வந்து நின்றார். சுகிர்தா வாயெடுப்பதற்குள் நர்சு மூக்கைச் சுளித்துவிட்டாள். "வந்துட்டு பாருங்க டாக்டர், வாடை" என்றாள்.

"வாடை டம்ளர்ல" என்றாள் சுகிர்தா. இப்போது சத்தம் வந்தது, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது. "வீட்டுலேருந்து வந்த மருந்துல பிராந்தி கலந்திருக்கு டாக்டர். நான் குடிக்கல. மொதல்ல டம்ளர மோந்து பாருங்க, பொறவு எம் வாய மோந்து பாருங்க. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்லுங்க."

டாக்டரம்மா டம்ளரை வாங்கினார், மோந்தார், லிங்கம்மாளை ஒருமுறை பார்த்தார். லிங்கம்மாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவர் கட்டில் ஓரமாக வந்தார். சுகிர்தா வாயை அகலத் திறந்தாள். அவர் குனிந்தார், அவளுடைய மூச்சை வாங்கிப் பார்த்தார், போதாமல் இன்னொருமுறை குனிந்தார். வார்டில் இருந்த அத்தனை கட்டிலும் வேடிக்கை பார்த்தது. ஊற்றிய கையை யாரும் மோந்து பார்க்கவில்லை. நேற்று அந்தப் புருஷனின் வாயை யாரும் மோந்து பார்க்கவில்லை, அவன் கையில் பிள்ளையைக் கொடுத்தார்கள். 

"ஒண்ணுமில்ல" என்றார் டாக்டரம்மா நர்சிடம். "பிள்ளையக் கொண்டாந்து இவகிட்ட குடுங்க. இந்தப் பிளாஸ்க்க எடுத்துட்டுப் போயி ஊத்திட்டு வாங்க." அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார். நர்சு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனாள். லிங்கம்மாள், நல்ல திப்பிலி, எல்லாம் வீணாப் போகுதே என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் பின்னாலேயே போனாள். எல்லாரும் போன பிறகும் சுகிர்தா அப்படியே உட்கார்ந்திருந்தாள், முகத்தை நிமிர்த்தி, வாயைத் திறந்தபடி, இன்னும் யாரோ வந்து மோந்து பார்க்கப்போகிறார்கள் என்பது போல.

"போதும் மக்கா" என்று தெய்வக்கனி அவள் மோவாயைப் பிடித்தாள். "வாய மூடு."